பீப்பாய்க்கு ஒரு குழாய்: மழைநீர்ச் சேமிப்பின் மறுபாதி

முன்னுரை

மழையைப் போற்றுவதில் தமிழ்ப் புலவர்கள் குறை வைத்ததில்லை. இளங்கோவடிகள் தம் காப்பியத்தைத் தொடங்குங்கால் திங்களையும் ஞாயிற்றையும் போற்றியபின் மழையைப் போற்றினார். வள்ளுவர் கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்தார். பாலை மிகுந்த அரபு நாட்டைப் பாடவந்த உமறுப்புலவரும், சீறாப்புராணத்தின் நாட்டுப் படலத்தில் அதனை மழைவளம் கொழிக்கும் நாடாகவே புனைந்தார்.

போற்றுதலில் குறையில்லை, பெய்த மழையைச் சேர்த்து வைப்பதிலும், சேர்த்ததை எடுத்துப் பயன்கொள்வதிலுமே குறை காணப்படுகிறது. இவ்விரண்டனுள் முன்னதைப் பற்றிப் பலரும் பேசியுள்ளனர். பின்னதைப் பற்றியது இக்கட்டுரை. வீட்டு வாயிலில் வைக்கும் மழைநீர்ப் பீப்பாய்க்குக் குழாய் பொருத்துவது எங்ஙனம், அது ஏன் இன்றியமையாதது என்பதே ஈண்டு ஆராயப்படும் பொருள்.

தமிழ்த்துறை மலரில் இதற்கு இடம் உண்டோ என வினவுவார்க்கு ஒரு சொல். பீப்பாய் என்பது போர்ச்சுக்கீசியர் வழியாக நம் மொழிக்கு வந்த சொல். குழாய் என்பதோ குழல், குழை என்னும் சொற்களோடு உறவுடைய தமிழ்ச்சொல். அதற்கு முன்னோடியான ஏரித் தூம்பு நம் முன்னோர் கைவினை. எனவே பொருள் நமக்குப் புதியதன்று.

குன்னத்தூர் வட்டாரமும் நீரும்

குன்னத்தூரும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களும் மழை குறைந்த கொங்குநாட்டு மேட்டு நிலத்தைச் சார்ந்தவை. திருப்பூர் மாவட்டத்தில் ஆண்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 600 மில்லிமீட்டர் மழையே பெய்கிறது. அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்றால் கிடைப்பது. எஞ்சிய மாதங்களில் கிணறும் ஆழ்துளைக் கிணறுமே துணை. ஆழத்திலிருந்து வரும் நீர் பல இடங்களில் உப்புத் தண்ணீராக இருக்கிறது. சோப்பு நுரைப்பதில்லை; பருப்பு எளிதில் வேகுவதில்லை; பாத்திரங்களில் வெண்மையான படிவு ஏறுகிறது.

நீரைத் தேக்கி வைத்தும் பயன்கொள்ள இயலாமற் போவதன் கொடுமையை இம்மாவட்டம் நேரிற் கண்டுள்ளது. நொய்யலாற்றின் குறுக்கே கட்டப்பட்டு 1992-இல் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவு கலந்த நீரின் தேக்கமாக மாறியது. உழவர்க்கென எழுந்த அணையின் நீர் உழவர்களாலேயே வேண்டாவென ஒதுக்கப்பட்டது. 2011 சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயத் தொழிற்கூடங்களை மூட ஆணையிட்டதும், கழிவுநீரை வெளியே விடாமல் முழுதும் மறுசுழற்சி செய்தால் மட்டுமே இயங்கலாம் என்னும் நிலை உறுதிப்பட்டதும் யாவரும் அறிந்தவை.

அரசின் முயற்சிகளும் உண்டு. 2003-ஆம் ஆண்டு தமிழக அரசு அவசரச் சட்டத்தின் வாயிலாக எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு அமைப்பைக் கட்டாயமாக்கியது. 2024 ஆகஸ்டு 17 அன்று தொடங்கி வைக்கப்பட்ட அத்திக்கடவு–அவிநாசித் திட்டம், பவானியாற்றின் உபரிநீர் 1.5 டி.எம்.சி.யைக் கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களின் 1,045 ஏரி, குளம், குட்டைகளுக்குக் கொண்டு சேர்க்க வகுக்கப்பட்டது. இவை நிலத்தடி நீரை வளர்ப்பன. ஆயின் கூரையிலிருந்து நேரே கிடைக்கும் மென்னீரை அன்றாட வீட்டு வேலைக்கு எடுத்துக்கொள்வது அவரவர் இல்லத்தார் செய்ய வேண்டிய பணியாகும்.

தூம்பு தரும் பாடம்

நிலம் குழிந்த இடமெல்லாம் நீரைத் தேக்குக என்று பாண்டியன் நெடுஞ்செழியனுக்குக் குடபுலவியனார் அறிவுறுத்திய பாடல் புறநானூற்றில் உண்டு. கரை எழுப்பி நீரைத் தேக்குதல் ஏரியின் ஒரு பாதிதான். தேங்கிய நீரைக் கரை உடையாமல், கலங்காமல், வேண்டியபோது வேண்டிய அளவு வெளியே எடுக்கும் அமைப்பே மறுபாதி. அதுவே தூம்பு, மதகு, மடை எனப் பல பெயர்களால் வழங்கியது. புதுக்கோட்டைப் பகுதியின் ஏரிகளில் இன்றும் நிற்கும் குமிழிக் கற்களில், தூம்பு அமைத்துக் கொடுத்தவர்களின் பெயர்கள் கல்வெட்டாகப் பொறிக்கப்பட்டுள்ளன. கரை எழுப்பியவனைப் போலவே தூம்பு அமைத்தவனையும் ஊர் நினைவில் வைத்தது.

வீட்டு வாயிலில் வைக்கும் பீப்பாய் ஒரு சிற்றேரி. அதற்குத் தூம்பு இல்லையேல் என்ன நேரும்? மூடியைத் திறந்து சொம்பால் மொள்ள வேண்டும். மொள்ளுந்தோறும் கையழுக்கு நீரில் கலக்கும். அடியில் படிந்த மண்டி கலங்கும். பனியன் கம்பெனிக்கு விரையும் காலைப் பொழுதில் மூடி திறந்தபடியே கிடக்கும். நான்கு நாளில் நீர் நாறும். ஒரு வாரத்தில் புழு நெளியும். ‘மழைத்தண்ணீர் வைத்தால் கெட்டுப் போகிறது’ என்று சொல்லி, பீப்பாயைக் கவிழ்த்து ஒதுக்கி விடுவர். கெட்டது மழைநீரன்று, எடுக்கும் முறையே கெட்டது.

கூரையின் கணக்கு

ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் கிடைப்பது சரியாக ஒரு லிட்டர். 500 சதுர அடிக் கூரை என்பது ஏறத்தாழ 46 சதுர மீட்டர். ஆண்டு மழை 600 மில்லிமீட்டர் எனக் கொண்டு, ஆவியாவதும் சிதறுவதுமாக ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தாலும் 22,000 லிட்டர் எஞ்சும்.

200 லிட்டர் பீப்பாய் இக்கூரையின்கீழ் நிறைவதற்கு ஐந்தரை மில்லிமீட்டர் மழை போதும். அஃதாவது ஒரு சிறு தூறலுக்கு மேற்பட்ட மழையிலேயே பீப்பாய் நிறைந்துவிடும். எனவே பீப்பாயின் பயன் அதன் கொள்ளளவில் மட்டும் இல்லை. அடுத்த மழைக்குமுன் எத்துணை முறை அதனை வெறுமையாக்கிப் பயன்கொள்கிறோம் என்பதில் உள்ளது. எளிதில் திறக்கும் குழாய் இருந்தாலன்றி இது கைகூடாது.

பீப்பாயைத் தேர்தல்

திருப்பூர்ப் பகுதியில் வாழ்வோர் இங்கு மிகவும் விழிப்பாக இருத்தல் வேண்டும். நீலநிற 200 லிட்டர் டிரம்கள் பழைய பொருள் கடைகளில் மலிவாகக் கிடைக்கின்றன. அவற்றுட் பல சாயத் தொழிலிலும் சலவைத் தொழிலிலும் அசிட்டிக் அமிலம், பெராக்சைடு, காஸ்டிக் முதலியவற்றை நிரப்பி வந்தவையாக இருக்கலாம். சாம்பலிட்டுத் தேய்த்தும் வெந்நீர் ஊற்றியும் கழுவிவிட்டால் போதும் என எண்ணுவது தவறு. பிளாஸ்டிக் சுவர் தான் தாங்கிய வேதிப்பொருளை ஓரளவு உறிஞ்சி வைத்திருந்து, பின்னர் நீரில் மெல்லக் கசியவிடும். மணம் இல்லை என்பதால் நஞ்சு இல்லை என்றாகாது. உணவுப் பொருள் வந்த டிரம் என்று உறுதியாகத் தெரிந்தால் வாங்கலாம். இல்லையேல் புதியதையே வாங்க வேண்டும். ஆற்றில் கலந்து நாம் கண்டு வருந்திய நஞ்சை, விலை கொடுத்து வீட்டு வாயிலில் கொண்டுவந்து வைத்தல் ஆகாது.

டிரம் இருவகைப்படும். ஒன்று, வாய் முழுதும் திறந்து வளையத்தால் மூடி பூட்டப்படுவது. மற்றொன்று, மேற்புறம் அடைபட்டு இரு சிறு திருகுமூடிகள் மட்டும் உடையது. குழாய் பொருத்தும்போது உள்ளே கைவிட்டுப் பிடிக்க வேண்டியிருப்பதாலும், ஆண்டுக்கு ஒரு முறையேனும் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டியிருப்பதாலும் முதல் வகையே ஏற்றது. ஒளி ஊடுருவாத நிறமும் வேண்டும். வெயில் உட்புகுந்தால் பாசி பிடிக்கும்.

குழாய் பொருத்தும் முறை

பீப்பாயின் பீடம்: ஒரு லிட்டர் நீரின் எடை ஒரு கிலோ. நிறைந்த பீப்பாய் 200 கிலோவுக்கு மேல் கனக்கும். ஆகவே முக்காலியோ மரப்பெட்டியோ தாங்காது. தரையைக் கெட்டித்துச் சமன்செய்து, செங்கல்லோ ஹாலோ பிளாக்கோ அடுக்கி, ஒன்றரை அடி உயரத்தில் பீடம் அமைக்க வேண்டும். குழாயின்கீழ் வாளி நிற்கவும், நீர் தானே விசையுடன் இறங்கவும் இவ்வுயரம் உதவும்.

குழாயின் அளவு: மாடித்தொட்டி நீர் பல அடி உயரத்திலிருந்து அழுத்தத்துடன் இறங்குவது. பீப்பாயிலோ மூன்றடிக்கும் குறைந்த நீரே மேலிருந்து அழுத்தும். எனவே அரை அங்குலக் குழாயைவிட முக்கால் அங்குலக் குழாய் நன்று; அதன் வாய்ப்பரப்பு இரண்டேகால் மடங்கு பெரிது. பல சுற்றுத் திருகும் வாஷர் குழாயைவிட, கால்சுற்றில் முழுவாயும் திறக்கும் பால் வால்வு இதற்குப் பொருந்தும்.

துளையின் உயரம்: அடியிலிருந்து இரண்டு அல்லது மூன்று அங்குலம் விட்டுத் துளையிட வேண்டும். அடியோடு ஒட்டி வைத்தால் மண்டி குழாயில் ஏறும். நடுவில் வைத்தால் பாதி நீர் எடுக்கப்படாமலே தங்கும். மூன்று அங்குலம் விட்டால் ஏறத்தாழ 20 லிட்டர் அடியில் தங்கும். அதுவே வண்டல் படியும் இடம். டிரம்மின் பக்கச்சுவரில் மேடாக ஓடும் வரிகளின்மீது துளையிடலாகாது. வழவழப்பான பகுதியையே தெரிவு செய்தல் வேண்டும்.

துளையிடல்: இதற்குத் தேவையான இணைப்பைக் கடைகளில் டேங்க் நிப்பிள் என்பர். முக்கால் அங்குலம் என்பது பெயரளவே. அதன் மரையின் வெளிவிட்டம் ஓர் அங்குலத்தைவிடச் சற்று மிகுதி. ஆதலின் பெயரை நம்பாமல் நிப்பிளையே சுவரில் வைத்து வட்டம் வரைந்து, அதன் அளவுக்குத் துளையிட வேண்டும். ஹோல் சா என்னும் வட்ட ரம்பத்தைப் பொருத்திய டிரில் எந்திரம் சிறந்தது. இரும்புக் குழாயைக் காய்ச்சித் துளையிடும் பழக்கம் சிற்றூர்களில் உண்டு. அதனால் விளிம்பு உருகித் தடித்து, வாஷர் சமமாக அமராது. எழும் புகையும் தீங்கானது. துளையிட்டபின் உள்ளும் புறமும் பிசிறுகளைக் கத்தியால் சீவி, உப்புத்தாளால் வழவழப்பாக்க வேண்டும்.

பொருத்தல்: நிப்பிளின் தலைப்பகுதி பீப்பாயின் உட்புறத்தில் இருக்க வேண்டும். தலைக்கும் சுவருக்கும் இடையே ரப்பர் வாஷரை இட்டு, மரைப்பகுதியைத் துளை வழியே வெளியே நீட்டி, வெளிப்புறத்தில் மற்றொரு வாஷரும் நட்டும் பூட்ட வேண்டும். ஒருவர் உள்ளே தலையை அசையாமற் பிடித்துக்கொள்ள, மற்றவர் வெளியே நட்டைக் கையால் இறுக்க வேண்டும். பின் ஸ்பேனரால் கால்சுற்று மட்டும் இறுக்கினால் போதும். மிகையாக இறுக்கினால் வாஷர் நசுங்கி வெளியே பிதுங்கும். கசிவு தொடங்குவது அங்கேதான். வெளியே நீட்டிய மரையில் ஒரு சாக்கெட்டைப் பூட்டி, அதில் குழாயை முறுக்க வேண்டும். உள்மரை உடைய நிப்பிளாயின் சாக்கெட் வேண்டா. குழாயின் மரைமீது டெஃப்லான் நாடாவை ஆறேழு சுற்று, முறுக்கும் திசையிலேயே சுற்ற வேண்டும். எதிர்த்திசையில் சுற்றினால் முறுக்கும்போது நாடா உரிந்து வந்துவிடும்.

சோதித்தல்: முதலில் குழாய்க்குச் சற்று மேல்வரை நீர் நிரப்பி ஒரு மணிநேரம் காத்திருக்க வேண்டும். கசிவு இல்லையெனில் முழுதும் நிரப்பி ஓரிரவு விட வேண்டும். நொடிக்கு ஒரு துளி சொட்டினாலும் நாளொன்றுக்கு நான்கு லிட்டருக்கு மேல் வீணாகும். சொட்டுமாயின் மேலும் இறுக்குவதற்குமுன் கழற்றிப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் வாஷரின்கீழ் பிசிறோ மணலோ சிக்கியிருக்கும்.

வரத்தும் போக்கும்

குழாய் மட்டும் அமைந்தால் போதாது. கூரையின் தூசியும் பறவை எச்சமும் முதல் மழையில் கரைந்து வரும். ஒரு மில்லிமீட்டர் மழையின் நீரையேனும், மேற்சொன்ன கூரைக்கு 46 லிட்டரை, புறத்தே விட்டபின் பீப்பாய்க்குத் திருப்ப வேண்டும். நீர் விழும் வாயில் கொசு நுழையா வலை கட்ட வேண்டும். மேல்விளிம்பை ஒட்டி, வரத்துக் குழாயின் அளவுக்குக் குறையாத போக்குக் குழாய் ஒன்று வைத்து, அதற்கும் வலையிட்டு, மிகைநீரை உறிஞ்சுகுழிக்கோ கிணற்றடிக்கோ செலுத்த வேண்டும்.

வலையின் இன்றியமையாமைக்குக் காரணம் டெங்குக் காய்ச்சல். அதனைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைவிட, வீட்டில் தேக்கி வைத்த நல்ல நீரையே நாடி முட்டையிடும். முட்டை கொசுவாகப் பறக்க ஏழு முதல் பத்து நாள் போதும். முட்டைகள் பாத்திரத்தின் சுவரில் ஒட்டிக்கொண்டு, நீர் வற்றிய பின்னும் பல மாதம் உயிரோடிருக்கும். ஆதலால் வாரம் ஒரு முறை பீப்பாய் நீரைச் செலவிட்டுத் தீர்த்து, உட்சுவரைத் தேய்த்துக் கழுவுதல் நலம். குழாயால் எடுப்பதற்கு மூடியைத் திறக்க வேண்டியதில்லை என்பதை இங்கு மீண்டும் நினைவிற் கொள்க. சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் இது உயிர்காக்கும் செய்தியாகும். மூடி பூட்டிய பீப்பாய்க்குள் குழந்தை தவறி விழும் அச்சமும் இல்லை.

இந்நீரைத் துவைக்க, துலக்க, குளிக்க, செடிக்கு ஊற்றத் தாராளமாகக் கொள்ளலாம். குடிப்பதற்கும் சமைப்பதற்கும் வடிகட்டிக் கொதிக்க வைத்தல் வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் அட்டைக் கூரையின் நீர் குடிக்க ஏற்றதன்று.

தூய்மை நெறியும் குழாயும்

விண்ணிலிருந்து இறங்கும் நீர் தூய்மையானது என்று திருக்குர்ஆன் அல்ஃபுர்கான் அத்தியாயத்திலும், அது அளவோடு இறக்கப்பட்டுப் பூமியில் தங்க வைக்கப்படுகிறது என்று அல்முஃமினூன் அத்தியாயத்திலும் உரைக்கிறது. கூஃபாவிலிருந்து மக்காவுக்குச் செல்லும் பாலைவழியில் ஹாரூன் அர்ரஷீதின் துணைவியார் ஸுபைதா அம்மையார் அமைத்த நீர்த்தேக்கங்கள், மழைவெள்ளத்தைச் சேர்த்துப் பயணியர்க்கு உதவின. அவர் பெயராலேயே அவ்வழி தர்ப் ஸுபைதா எனப்படுகிறது.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அறிவுரைகள் சிலவற்றை இங்கு ஒருங்கே எண்ணிப் பார்த்தல் தகும். இரவில் பாத்திரங்களை மூடி வைக்கப் பணித்தார்கள். உறங்கி எழுந்தவர் கையைக் கழுவுமுன் நீர்ப்பாத்திரத்தில் இடலாகாது என்றார்கள். ஓடும் ஆற்றங்கரையில் இருந்தாலும் ஒளுவில் நீரை வீணாக்கலாகாது என்று உணர்த்தினார்கள். அண்ணலார் ஒரு ‘முத்து’ அளவு நீரில் ஒளுச் செய்தார்கள் என்பது நபிமொழித் தொகுப்புகளில் காணும் செய்தி. அது ஏறத்தாழ முக்கால் லிட்டர் எனக் கணக்கிடுவோர் பலர்.

சட்டநூலோரும் தேங்கிய சிறு நீரைப் பற்றி விரிவாக ஆராய்ந்துள்ளனர். ஷாஃபிஈ மத்ஹபில் ‘குல்லத்தைன்’ அளவுக்குக் குறைந்த நீரில் அசுத்தம் வீழ்ந்தால் நிறம், மணம், சுவை மாறாவிடினும் அது தூய்மை இழக்கும். அவ்வளவு ஏறத்தாழ 200 லிட்டர் என்று கணிப்போர் உண்டு; நம் பீப்பாய் அவ்வெல்லையிலேயே நிற்பது கருதத்தக்கது. ஹனஃபி மத்ஹபினர் பத்துக்குப் பத்து முழப் பரப்புடைய ஹவுளைப் பெருநீராகக் கொள்வர். அதனினும் சிறியதில் பேணுதல் மிகுதியும் வேண்டும்.

பாத்திரம் மூடியிருக்க வேண்டும். கை உள்ளே படலாகாது. நீர் சிறுகச் செலவாக வேண்டும். இம்மூன்றையும் ஒருங்கே நிறைவேற்றும் கருவி குழாயே அன்றோ! எகிப்து நாட்டில் குழாய்க்கு ‘ஹனஃபிய்யா’ என்றே பெயர் வழங்குகிறது. ஹனஃபி மத்ஹபினர் ஒளுவுக்குப் பயன்படுத்திய, குழாய் பொருத்திய நீர்த்தொட்டியிலிருந்து இப்பெயர் வந்தது என்பர். ஒரு சிறு கருவி ஒரு சட்டநெறியின் பெயரைத் தாங்கி நிற்பது அதன் சிறப்புக்குச் சான்று. ஆயினும் குழாயை முழுதும் திறந்துவிட்டு ஒளுச் செய்வது அதன் நோக்கத்தையே கெடுப்பதாகும். விரல் பருமனுக்கும் குறைவாகத் திறந்தாலே போதும்.

முடிவுரை

பீடம், பீப்பாய், வலை, நிப்பிள், குழாய் என இவ்வேலைக்கு வேண்டுவன சில பொருள்களே. இருவர் கூடினால் ஒரு முற்பகலில் முடியும். கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் ஐப்பசி மழைக்குமுன் முகாம் அமைத்து, ஊருக்குப் பத்து வீடுகளிலேனும், பள்ளிவாசலின் ஒளுச் செய்யும் இடத்திலும் இதனைச் செய்து காட்டலாம். டிரம் எங்கிருந்து வந்தது என்பதை விசாரித்த பின்னரே துளையிட வேண்டும் என்பதை முதற்பாடமாகக் கொள்ள வேண்டும். மஹல்லாப் பெரியவர்கள் இயலாதோர் வீடுகளுக்கு இச்செலவை ஏற்பார்களாயின், அது நிலைத்த தருமமாகும். அன்று ஏரிக்குத் தூம்பு அமைத்தவன் செய்ததும் அதுவே.

வான் தரும் அருட்கொடையைத் தூய்மையாகக் காத்து, அளவாக எடுத்து, பிறர்க்கும் பயன்பட வாழும் நற்பேற்றை எல்லாம் வல்ல இறைவன் நம் அனைவர்க்கும் அருள்வானாக!